மேல் வரிசைச் சொற்கள்



நம் காலனிப் பிள்ளைகளோடு மாலைதோறும் நீண்ட ஆங்கிலச் சொற்களைத் தேடி வருகிறோம். அமெரிக்கரான ஷோல்ஸ் 1870-களில் தட்டச்சுப் பொறிக்கு வகுத்த எழுத்து வரிசையே கணிப்பொறியிலும் நிலைத்துள்ளது. அதன் மேல் வரிசை எழுத்துக்கள் 10 மட்டுமே கொண்டு சொல் காணவேண்டும். 'டைப்ரைட்டர்' என்பதே அதிலடங்கும்! 'ப்ரொப்ரைட்டர்', 'பெர்பெச்சுவிட்டி' என்பனவும் அவ்வாறே. ஒவ்வொன்றும் 10 எழுத்து. கீழ் வரிசையில் உயிரெழுத்தே இல்லை, தேடுவது வீண்.

மெட்ரிகுலேஷனோடு நின்ற நாம், ஆங்கிலக் கடிதம் வரைய அஞ்சி, மேஜை இழுப்பறையில் அகராதியை ஒளித்து வைத்துப் பார்த்த காலமுண்டு. இன்று அவ்வகராதி பிள்ளைகள் கையில் கிழிகிறது. சென்ற வாரம் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 'ரெப்பர்ட்வார்' என்றாள். நாம் கேட்டறியாத சொல். எழுதிக் காட்டச் சொன்னோம். பத்தும் மேல் வரிசை! தோல்வியை ஒப்புக்கொண்டு கடலைமிட்டாய் வாங்கித் தந்தோம்.