கன்று வீசிய மாடும் விட்டு விட்டு வரும் காய்ச்சலும்

(எமது நிதியம் ஒழுங்கு செய்த மாடு வளர்ப்போர் கூட்டத்தில், கல்முனைப் பகுதியில் நீண்ட காலம் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராகக் கடமையாற்றிய ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாமற் போன குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.)

 

கடற்கரையிலிருந்து வந்த ஆள் மலையில் வந்து மாட்டைப் பற்றி என்ன பேசப் போகிறார் என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். முதலில் எங்கட ஊரைச் சொல்லி விடுகிறேன்.

கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவிலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று வீட்டோடு வீடு ஒட்டின ஊர்கள். பெரிய பட்டி வைத்திருப்பவருக்கு ஊருக்குள் இடம் ஏது? மாடுகள் வயலுக்கு அப்பால் மேய்ச்சல் தரையில் நிற்கும். பெரும்போகம் விதைத்து விட்டால் பட்டியை இன்னும் தூரத்துக்குக் கொண்டு போக வேண்டும். அறுவடை முடிந்தால் திரும்ப வயலுக்கு வரும். பல பேருடைய மாடுகள் ஒன்றாக மேயும், ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்கும், ஒரே காளையோடு சேரும்.

உங்களிடம் அப்படியில்லை. லயத்துக்குப் பக்கத்தில் கொட்டகை, அதில் ஒரு மாடு, இரண்டு மாடு. பெரட்டுக்குப் போகுமுன் பால் கறக்கிறீர்கள், கொழுந்து எடுத்து வரும்போதே புல்லும் அறுத்து வருகிறீர்கள். பிள்ளையைப் போல் பார்க்கிறீர்கள். எங்களிடம் நோய் மாட்டிலிருந்து மாட்டுக்குப் போக வழி அதிகம். உங்களிடம் அந்த வழி குறைவு. ஆனால் நோயுள்ள மாடு ஒன்று வந்து சேர்ந்து விட்டால், மாட்டிலிருந்து மனிதருக்கு வர வழி கிட்ட. அதனால்தான் இன்றைக்கு இந்த நோயைப் பற்றிப் பேச வந்தேன்.

நோயின் பெயர்

புரூசெல்லோசிஸ் என்று பெயர். வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. கன்றுவீச்சு நோய் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பக்டீரியாக் கிருமியால் வருவது. மாடு, எருமை, ஆடு, பன்றி எல்லாவற்றுக்கும் வரும். அவற்றிலிருந்து மனிதருக்கும் வரும்.

இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த கதை நமக்கு ஒரு பாடம். மத்தியதரைக் கடலில் மால்ட்டா என்று ஒரு சின்னத் தீவு. அங்கே இருந்த பிரித்தானியப் படைவீரர்கள் மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தார்கள். 1887 இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ வைத்தியர் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். அவர் பெயர்தான் நோய்க்கு. ஆனால் கிருமி எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. 1905 இல் அந்தத் தீவைச் சேர்ந்த தெமிஸ்டோகிளீஸ் சம்மிற் என்ற வைத்தியர் ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். நல்ல கொழுத்த, ஒரு குறையும் தெரியாத ஆடுகள். வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து கறந்து கொடுக்கும் ஆடுகள். நோய் அவற்றில்தான் இருந்தது! 1906 இல் படைவீரர்களுக்கு அந்தப் பாலை நிறுத்தினார்கள். காய்ச்சல் மளமளவென்று குறைந்தது.

பாடம் என்னவென்றால், மாடு பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

மாட்டில் எப்படித் தெரியும்?

சினை மாடு ஐந்து மாதத்துக்குப் பிறகு, பெரும்பாலும் ஏழு மாதம் போல, கன்றை வீசி விடும். இளங்கொடி விழாமல் நின்று விடும். காளைக்கு விதை வீங்கலாம். ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. பல மாடுகள் ஒரு தடவைதான் வீசும். அடுத்த தடவை ஒழுங்காகக் கன்று ஈனும், பாலும் கறக்கும். “அது ஏதோ கண்ணூறு, இப்ப சரியாப் போச்சு” என்று நாம் மறந்து விடுவோம். ஆனால் கிருமி மாட்டுக்குள் இருந்துகொண்டே பாலிலும், கன்று ஈனும்போது வரும் நீரிலும் வெளியேறும்.

வீசிய எல்லா மாடும் இந்த நோய் மாடு என்று நான் சொல்லவில்லை. வழுக்கி விழுந்தாலும் வீசும், வேறு நோயாலும் வீசும். இரத்தத்தையும் பாலையும் சோதித்தால்தான் தெரியும். அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். மேலதிக பரிசோதனைக்கு கன்னொறுவையில் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சோதனை உங்கள் மாட்டுக்கு எதிரியல்ல. நோய் இல்லையென்றால் மாட்டின் பெயரைக் காப்பாற்றுவதும் அதே சோதனைதான்.

மனிதருக்கு எப்படி வரும்?

மூன்று வழி. ஒன்று, காய்ச்சாத பால். கறந்த சூட்டோடு குடித்தால் பலம் என்று பிள்ளைக்குக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எங்கட பக்கம் எருமைத் தயிர்ச் சட்டிக்குப் பேர் போன இடம். பாலைக் கொதிக்க வைத்து, ஆற்றி, உறை ஊற்றினால் பயமில்லை. பச்சைப் பாலில் உறை ஊற்றினால் புளிப்பு கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்ப முடியாது.

இரண்டாவது, கை. கன்று ஈனும்போது உதவுகிறோம். விழாத கொடியை இழுக்கிறோம். கொழுந்து பறிக்கும் கையில் கீறல் இல்லாத நாள் உண்டா? அந்தக் கீறல் போதும், கிருமி உள்ளே போக. கண்ணில் தெறித்தாலும் போகும்.

மூன்றாவது, மூச்சு. காற்றோட்டமில்லாத கொட்டகையில், கன்று வீசிய இடத்தைக் கூட்டிப் பெருக்கும்போது தூசியோடு உள்ளே போகலாம். வெயில் பட்டால் இந்தக் கிருமி சீக்கிரம் சாகும். குளிரும் ஈரமும் நிழலும் இருந்தால் பல வாரம், சில வேளை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். உங்கள் மலைநாட்டில் ஈரத்துக்கும் நிழலுக்கும் குறைவில்லையே.

மனிதரிலிருந்து மனிதருக்கு மிக மிக அரிதாகவே தொற்றும். ஆகவே நோய் வந்தவரை ஒதுக்கி வைக்கவோ, தட்டுக் கோப்பையைப் பிரிக்கவோ தேவையில்லை.

நோய் வந்தால் என்ன செய்யும்?

கிருமி உள்ளே போய் ஒரு வாரத்திலும் தொடங்கலாம், சில மாதம் கழித்தும் தொடங்கலாம். பின்னேரமானால் காய்ச்சல். இரவில் பாய் நனைகிற வேர்வை. விடிந்தால் கொஞ்சம் சுகம். முதுகு, இடுப்பு, மூட்டு எல்லாம் நோவு. சாப்பாடு பிடிக்காது, வேலைக்கு உடம்பு எழும்பாது, மனமும் சோர்ந்து போகும். ஆண்களுக்கு விதை வீங்கலாம். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கரு கலையலாம். கவனிக்காமல் விட்டால் முதுகெலும்பையும், சில பேருக்கு இருதயத்தையும் பிடிக்கும்.

எங்கட பக்கத்தில் ஒரு பட்டிக்காரர். பெயர் வேண்டாம். மூன்று மாதமாகப் பின்னேரக் காய்ச்சல். பனடோல் போட்டால் விடும், பிறகு வரும். நெருப்புக்காய்ச்சலென்று ஒரு மருந்து, பிறகு சளி சோதனை, பிறகு எலும்பு தேய்வென்று எண்ணெய். வீட்டிலே மனைவியின் காப்பு அடைவு கடைக்குப் போய்விட்டது. “சோம்பேறி, படுத்தே கிடக்கான்” என்று ஊரும் பேசியது. கடைசியில் ஒரு வைத்தியர் கேட்டார்: “நீங்க என்ன தொழில் செய்றீங்க?” “மாட்டுப்பட்டி சேர்.” “பட்டியில கன்று ஏதும் வீசினதா?” “ஓம், நாலு வீசிட்டு. நான்தான் எடுத்துப் போட்டன்.” அதற்குப் பிறகுதான் சரியான இரத்தச் சோதனை நடந்தது, சரியான மருந்தும் வந்தது.

வைத்தியரைக் குறை சொல்ல வரவில்லை. காய்ச்சலுக்கு நூறு காரணம் இருக்கிறது. முந்தி நடுங்கிக் காய்ந்தால் மலேரியா என்போம். 2016 இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்து விட்டது. 2008 இல் எலிக்காய்ச்சல் என்ற சந்தேகத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவானபின், “வயலில் இறங்கினேன்” என்று நோயாளியே முந்திச் சொல்லப் பழகினார்கள். எலிக்காய்ச்சல் வேகமாக அடிக்கும். இது மெதுவாக அரிக்கும். ஆனால் சொல்ல வேண்டிய விசயம் ஒன்றுதான். தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாலும் பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும், காய்ச்சல் என்று சொல்லும் வாயால் “எங்க வீட்டில மாடு இருக்கு, கன்று வீசிச்சு” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் கொட்டகையில் நடந்தது உங்களுக்குத்தானே தெரியும்?

மருந்து உண்டு, பொறுமை வேண்டும்

இது குணமாகும் நோய். ஆனால் ஒரு மருந்து போதாது. இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பார்கள். மாத்திரையைக் குறைந்தது ஆறு வாரம் எடுக்க வேண்டும். பத்து நாளில் காய்ச்சல் நின்று, உடம்பு லேசாகும். அப்போது நிறுத்தினால் கிருமி பதுங்கியிருந்து திரும்ப வரும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மருந்து வேறு. ஒருவருக்குக் கொடுத்த குளிசையை வீட்டில் மற்றவருக்குக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. பால் பொங்கி எழும்பும்வரை காய்ச்சுங்கள். பிள்ளைக்கும் சரி, தயிருக்கும் சரி.

2. கன்று ஈனும் இடத்தில் கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் நிற்க வேண்டாம்.

3. கையுறை இல்லாவிட்டால், ஓட்டையில்லாத பொலித்தீன் பையை முழங்கை வரை கட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். விழாத கொடியை நீங்கள் இழுக்காமல் கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

4. வீசிய கன்றையும் கொடியையும் ஆற்றிலோ கானிலோ எறிய வேண்டாம். பால் மரத்தில் கட்டித் தொங்கவிடும் பழக்கமும் வேண்டாம். காகமும் நாயும் இழுத்துப் பரப்பும். தண்ணீர் எடுக்கும் பீலிக்குத் தூரமாக, ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். இடத்தை நனைத்துக் கழுவுங்கள். காயவிட்டுக் கூட்ட வேண்டாம்.

5. பெண் கன்றுக்குத் தடுப்பூசி உண்டு. மூன்று முதல் எட்டு மாதத்துக்குள், வைத்தியர் சொல்லும் நேரத்தில் போட வேண்டும். வளர்ந்து சினைப்பட்ட மாட்டுக்கு அதைப் போடக்கூடாது.

6. ஊர்க் காளைக்கு விடுவதைவிட ஊசி மூலம் சினைப்படுத்துவது பாதுகாப்பு. வெளியிலிருந்து மாடு வாங்கினால், சோதித்த பிறகே உங்கள் மாட்டோடு கட்டுங்கள்.

விற்கிறதா, சொல்கிறதா?

கடைசியாக, சொல்லக் கஷ்டமான விசயம். நோய் உறுதியான மாட்டை மருந்து கொடுத்துச் சுகப்படுத்துவது நடைமுறையில் இல்லை. மந்தையிலிருந்து நீக்கத்தான் வேண்டும். உங்கள் வீட்டில் அந்த மாடுதான் பிள்ளையின் கொப்பி, தீபாவளிச் சேலை, கடன்காரனுக்குச் சொன்ன தவணை. அது எனக்குத் தெரியும். அதனால் சிலர் செய்வது என்ன? கன்று வீசிய கதையை மூடி மறைத்து, அடுத்த டிவிசனில் தெரியாத ஒருவருக்கு விற்று விடுகிறார்கள். எங்கட பக்கத்திலும் அப்படி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். அவரும் கடன்பட்டுத்தான் வாங்குகிறார். அவர் வீட்டுப் பெண் கர்ப்பமாக இருக்கலாம். விற்றது மாடல்ல, நோய்.

1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இப்படிப்பட்ட தொற்றுகளைக் கட்டுப்படுத்தத்தான் வந்தது. ஆனால் சட்டம் உங்கள் கொட்டகைக்குள் வந்து எட்டிப் பார்க்காது. சந்தேகம் வந்த அன்றே சொன்னால் ஒரு மாட்டோடு போகும். மறைத்தால் பக்கத்துக் கொட்டகையும் போகும். லயத்தில் ஒரு வீட்டு மாடு வீசினால் மற்ற வீட்டார் பழிக்காமல், அந்தக் குடும்பத்துக்குக் கொஞ்ச நாள் பாலாவது கொடுத்து உதவுங்கள். உதவி கிடைக்கும் என்று தெரிந்தால் அடுத்தவர் மறைக்க மாட்டார். மரண வீட்டுக்கு ஒன்றாக நிற்கிற உங்களுக்கு இது பெரிய காரியமில்லை.

ஏதும் சந்தேகமிருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.