நெருக்கடிக் காலத்தில் சிறு தொழில்



ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி பாண்டேஜ் துணிக்குப் பெயர்பெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பெயர்பெற்றது. இவ்விரு தொழில்களிலும் ஈடுபட்டிருப்போரில் அநேகர் சொற்ப முதலுடையவர்கள். விலைவாசி சற்றுப் புரண்டாலும் அவர்களுடைய முதலுக்கே மோசம் நேரிடுகிறது.

2022-ஆம் வருஷம் மே மாதத்தில், 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சின் விலை லட்ச ரூபாயைத் தாண்டிற்று. பஞ்சு ஏறினால் நூலும் ஏறும். பாண்டேஜ் துணியின் அடக்க விலையில் பெரும்பகுதி நூலே. ஆர்டர் பெற்ற அன்று துணிக்கு ஒரு விலை பேசிவிட்டு, நெய்யும்போது நூலுக்கு அதிக விலை கொடுப்பவர், தறி ஓட ஓட நஷ்டமே அடைவார். ஆகையால் ஆர்டர் கிடைத்தவுடனே அதற்கு வேண்டிய நூலை வாங்கிவிடுதல் நலம்; இயலாவிடில், நூல் விலையை அனுசரித்துத் துணி விலை மாறுமென்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். தனித்தனியே சிறிது சிறிதாக நூல் வாங்கும் தறிக்காரர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் தரகுச் செலவு மிஞ்சும்.

நூலாவது கிடங்கில் காத்திருக்கும், பால் காத்திராது. 2020-ஆம் வருஷம் மார்ச்சுக் கடைசியில் ஊரடங்கு வந்து, ஆண்டாள் சந்நிதிக்கு யாத்திரிகர்கள் வருவது நின்றது. மாடு கறப்பது நிற்கவில்லை. ஒரே வகை வாடிக்கையாளரை நம்பிய கடைக்கு இது பெரிய பாடம். 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பெயரைக் கொண்டு வெளியூர்களிலும் விற்கலாம். ஆனால் கஷ்டம் வந்ததென்று பாலைக் குறைத்துச் சர்க்கரையைக் கூட்டுபவர், தம் கடையின் பெயரோடு ஊரின் பெயரையும் கெடுப்பார்.

வரவேண்டிய பாக்கியையும் அசட்டை செய்யலாகாது. 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு தொழிலாளரிடம் சரக்கு எடுத்தவர், எவ்வளவு தவணை பேசியிருந்தாலும், 45 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. சீட்டில்லாமல் வாய்ச்சொல்லாகச் சரக்கு கொடுத்தவர் இந்த உரிமையை நிலைநாட்டுவது கடினம்.

2020-இல் சர்க்கார் பொறுப்பேற்று, ஈடின்றிக் கடன் வழங்கச் செய்தது. அது பிப்ரவரி 29 அன்று வங்கியில் நிலுவையிலிருந்த கடனில் 20 சதவிகிதம். கந்துவட்டிக்காரரிடம் மட்டுமே கடன்பட்டிருந்தவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. உதவி வரும் நாளில் அதைப் பெறும் தகுதி, முன்னரே ஒழுங்காக எழுதிவைத்த கணக்கினால் வருவது.

ஆகவே குடும்பச் செலவு வேறு, தொழில் கணக்கு வேறு என்று இன்றே பிரித்தெழுதுங்கள். லாபம் வரும் மாதத்தில் சிறு தொகையைச் சங்கத்திலோ வங்கியிலோ சேமியுங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவதே விவேகம்.