பில் நம்பர் ரெண்டு தடவை வரக்கூடாது: கிளவுட் மாறும்போது டேட்டாபேஸை நகர்த்துவது எப்படி?

இந்த எபிசோட் ஒரு கேள்வியில இருந்து வருது. காரைக்கால்ல இருந்து நம்ம பாட்காஸ்ட் கேட்கிற நண்பர் ஒருத்தர், கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் நடத்துறார். இலவசமா கிடைச்ச கிளவுட் கிரெடிட் தீரப்போகுது, அதனால வேற கம்பெனிக்கு மாறணும். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். "ஒரு நிமிஷம்கூட நிறுத்தாம மாத்த முடியுமா?"ன்னு கேட்டிருந்தார்.

என் பதில்: பத்து நிமிஷம் நிறுத்துங்க. முன்கூட்டியே சொல்லிட்டு நிறுத்துங்க. ஏன்னு சொல்றேன்.

காரைக்கால் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அது புதுச்சேரியோட ஒரு மாவட்டம். ஆனா கிழக்கே கடல், மத்த பக்கமெல்லாம் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினா நாகூர், அங்கே மாநிலமே மாறிடும். காரைக்கால் கடையோட ஜிஎஸ்டி எண் 34ல ஆரம்பிக்கும், நாகூர் கடையோடது 33ல. காரைக்கால் வியாபாரி நாகூர் கடைக்கு சரக்கு அனுப்பினா அது வெளிமாநில விற்பனை, ஐஜிஎஸ்டி போடணும். ஊருக்குள்ளேயே வித்தா சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. ரெண்டு பக்கமும் கிளை வெச்சிருக்கிற முதலாளிக்கு ரெண்டு பதிவு, ரெண்டு பில் வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் எண்கள் தொடர்ச்சியா வரணும், ஒரு நிதியாண்டுக்குள்ள ஒரே எண் ரெண்டு தடவை வரக்கூடாது. இது ஜிஎஸ்டி விதி.

நாம காப்பாத்த வேண்டியது இதைத்தான். ஆப் பத்து நிமிஷம் வேலை செய்யலைன்னா கடைக்காரர் திட்டுவார், அதோட போச்சு. ஒரே நம்பர்ல ரெண்டு பில் அச்சாகி ரெண்டு வாடிக்கையாளர் கைக்குப் போயிட்டா, அதை யாராலயும் திரும்ப வாங்க முடியாது.

சரி, ரெப்ளிகேஷனுக்கு வருவோம். பழைய முறையில எல்லாத்தையும் நிறுத்தி, டம்ப் எடுத்து, புது இடத்துல ஏத்தணும். டேட்டா பெருசா இருந்தா மணிக்கணக்கா ஆகும். ரெப்ளிகேஷன்ல கடை திறந்திருக்கும்போதே மொத்த டேட்டாவும் ஒரு தடவை காப்பி ஆகும். அதுக்கப்புறம் பழைய டேட்டாபேஸ்ல நடக்கிற ஒவ்வொரு மாற்றமும் புதுசுக்குப் பின்னாடியே ஓடி வரும். போஸ்ட்கிரெஸ் எல்லா மாற்றத்தையும் முதல்ல ரைட் அஹெட் லாக்ல எழுதும். அதைச் சுருக்கமா வால்னு சொல்வாங்க. நம்ம ஊர்ல அந்தப் பேர் ரொம்பவே பொருந்துது, டேட்டாபேஸுக்குப் பின்னாடி நீண்டுக்கிட்டே போற வால்தான் அது. 2017ல வந்த 10ஆம் பதிப்புல இருந்து லாஜிக்கல் ரெப்ளிகேஷன் போஸ்ட்கிரெஸ்லயே இருக்கு. கிளவுட் கம்பெனிகள் நடத்துற டேட்டாபேஸ்ல இருந்து வெளியே போக பெரும்பாலும் இதுதான் வழி. ஃபைல் லெவல்ல இன்னொரு கம்பெனி சர்வருக்கு அனுப்ப பொதுவா விடமாட்டாங்க.

இந்த வாலைப் பத்தி ஒரு உண்மைக் கதை இருக்கு. 2017 ஜனவரி 31, கிட்லேப் கம்பெனி. கிட்ஹப் இல்லை, கிட்லேப். லோடு அதிகமாகி ரெண்டாவது சர்வர் பின்தங்கிடுச்சு. அது படிக்கிறதுக்கு முன்னாடியே முதல் சர்வர் வாலோட பழைய துண்டுகளை அழிச்சிடுச்சு. அதனால ரெண்டாவது சர்வரை முதல்ல இருந்து மறுபடி உருவாக்க வேண்டிய நிலைமை. அந்த வேலையில இருந்த என்ஜினியர் காலி பண்ண வேண்டிய ஃபோல்டரை, நடந்துக்கிட்டிருந்த முதல் சர்வர்லயே அழிச்சுட்டார். பேக்கப் முறைகளும் சரியா வேலை செய்யல. ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்துச்சு. நடுவுல இருந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். கிட்லேப் இதை மறைக்கல. மீட்பு வேலையை யூடியூப்ல நேரலையா காட்டினாங்க, அறிக்கையும் விரிவா எழுதினாங்க. எனக்கு அவங்க மேல மரியாதை கூடினதே அப்போதான்.

அதே கிட்லேப் 2018ல மைக்ரோசாஃப்ட் அஷூர்ல இருந்து கூகுள் கிளவுடுக்கு மாறுச்சு. ரெப்ளிகேஷன் வெச்சுத்தான். ஜூலை 28க்குத் திட்டம் போட்டு, ஆகஸ்ட் 11க்குத் தள்ளினாங்க. நடுவுல திரும்பத் திரும்ப ஒத்திகை. அன்னைக்கும் ஜீரோ டவுன்டைம்னு யாரும் சொல்லல. சனிக்கிழமை பராமரிப்பு நேரம்னு அறிவிச்சுட்டு நிறுத்தித்தான் மாத்தினாங்க. அவ்வளவு பெரிய டீமே நிறுத்தினப்போ, ரெண்டு பேர் நடத்துற பில்லிங் கம்பெனிக்கு என்ன கௌரவம்?

லாஜிக்கல் ரெப்ளிகேஷன்ல ஸ்லாட்னு ஒண்ணு இருக்கு. புது சர்வர் படிச்சு முடிக்கிற வரைக்கும் வாலை வெட்டாம அது பிடிச்சு வெச்சிருக்கும். 2017ல கிட்லேப்புக்கு வந்த பிரச்சினை இதனால வராது. ஆனா புது சர்வர் ஒரு வாரம் படுத்துட்டா வால் நீண்டு பழைய சர்வரோட டிஸ்க்கே நிரம்பிடும். அப்போ நல்லா ஓடிக்கிட்டிருந்ததும் சேர்ந்து நிக்கும். அதனால முதல் நாள்ல இருந்தே ரெண்டையும் பார்க்கணும், எவ்வளவு பின்தங்கியிருக்குன்னும், டிஸ்க் எவ்வளவு மிச்சம்னும்.

அடுத்தது சீக்வென்ஸ். பலரும் மாட்டுற இடம் இதுதான், நிதானமா கேளுங்க. டேபிள்ல இருக்கிற வரிகளெல்லாம் புதுசுக்கு வந்துடும். அடுத்த எண் என்னன்னு ஞாபகம் வெச்சிருக்கிற சீக்வென்ஸ் வராது. எந்தப் பதிப்புல இருக்கீங்கன்னு பாருங்க, 18 வரைக்கும் இதுதான் நிலைமை. மாத்தினதும் முதல் பில் போடும்போது புது டேட்டாபேஸ் 1ல இருந்து ஆரம்பிக்கும். பிரைமரி கீ இருந்தா எரர் வந்து கடை நிக்கும். தனித்தன்மைக் கட்டுப்பாடு எதுவும் போடாத காலம்னா இன்னும் மோசம், சத்தமே இல்லாம பழைய எண்கள் மறுபடி வரும். அதனால மாத்துற நேரத்துல பழைய சர்வரோட கடைசி எண்களை எடுத்து, செட்வால் கொடுத்து ஏத்தணும். ஒத்திகையிலயே இதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிடுங்க.

ஒரு இடைச்செருகல்: ஜிஎஸ்டி பில் எண்ணுக்கு சீக்வென்ஸ் வெச்சிருக்கிறதே எனக்குப் பிடிக்காது. டிரான்சாக்‌ஷன் பாதியில ரத்தானா எடுத்த எண் திரும்பி வராது, வரிசையில ஓட்டை விழும். தனி டேபிள்ல கவுண்டர் வெச்சா ஓட்டையும் விழாது, ரெப்ளிகேஷன்லயும் தானா வந்துடும்.

டேபிள் அமைப்பை மாத்துற கட்டளைகளும் தானா போகாது, அதனால அந்த வாரம் புது ஃபீச்சர் வேண்டாம். பிரைமரி கீ இல்லாத டேபிள் இருந்தா முதல்லயே சரி பண்ணிடுங்க.

இப்போ அந்தப் பத்து நிமிஷம். ஆப்ல "பராமரிப்பு நடக்குது"ன்னு பக்கம் காட்டினா போதாது. ராத்திரி ஓடுற கிரான் வேலை இருக்கும், டிஎன்எஸ் மாறினது தெரியாம பழைய முகவரியையே பிடிச்சுக்கிட்டிருக்கிற கல்லா கம்ப்யூட்டர் இருக்கும். ஒரே கடையில ஒரு கவுண்டர் பழைய சர்வர்லயும் இன்னொண்ணு புதுசுலயும் எழுதினா, ரெண்டுலயும் 4512னு பில் வரும். பயப்பட வேண்டியது இதுக்குத்தான். பழைய டேட்டாபேஸ்ல ஆப் யூசரோட லாகினையே எடுத்துடுங்க, திறந்திருக்கிற இணைப்புகளையும் வெட்டுங்க. மிச்ச மாற்றங்கள் புதுசுக்கு வந்து சேர்ந்துச்சான்னு பார்த்து, சீக்வென்ஸை ஏத்தி, பில் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் ரெண்டு பக்கமும் ஒப்பிட்டு, அப்புறம் திறங்க.

காரைக்காலே இப்படி ஒருமுறை மாறின ஊர்தான். 1954 நவம்பர் 1ல பிரெஞ்சுக்காரங்க நிர்வாகத்தை இந்தியாகிட்ட கொடுத்தாங்க. சட்டப்படி கைமாறினது 1962 ஆகஸ்ட் 16ல. நடுவுல எட்டு வருஷம் பேப்பர் வேலை இழுத்துச்சு, ஆனா அந்த நவம்பர் காலையில இருந்து உத்தரவு போட்டது ஒரே அரசாங்கம். நமக்கும் அதேதான். எழுதுற அதிகாரம் ஒரு நொடியில கைமாறணும், பழைய சர்வரை மூடுறது மெதுவா நடக்கட்டும்.

அந்த மெதுவான காலத்துக்கு எதிர்த்திசை ரெப்ளிகேஷன் போடுங்க. பழைய திசையை நிறுத்திட்டு, கடையைத் திறக்கிறதுக்கு முன்னாடியே புதுசுல இருந்து பழசுக்கு ஓட விடுங்க, இருக்கிற டேட்டாவை மறுபடி காப்பி பண்ணாதேன்னு சொல்லி. ரெண்டு நாள் கழிச்சு புது இடம் சரியில்லைன்னு தெரிஞ்சாலும் பில் எதுவும் தொலையாம திரும்பிப் போகலாம். திரும்பும்போதும் சீக்வென்ஸை ஏத்தணும்.

தேதி பார்க்கும்போது 11, 20 ரெண்டையும் தவிர்த்துடுங்க. மாதாமாதம் தாக்கல் பண்றவங்களுக்கு ஜிஎஸ்டிஆர் 1க்கும் 3பிக்கும் கடைசி நாள் அதுதான். பழைய கம்பெனியை விட்டு மொத்தமா வெளியேறுறவங்களுக்கு டேட்டா வெளியே போற கட்டணத்தைத் தள்ளுபடி பண்றதா 2024ல கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூணு பேருமே அறிவிச்சாங்க. நிபந்தனை உண்டு, வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுதிக் கேளுங்க. எல்லாம் முடிஞ்சு பழசு வேண்டாம்னு முடிவு பண்ணினா, முதல்ல புது சர்வர்ல இருக்கிற எதிர்த்திசை ஸ்லாட்டை நீக்குங்க. இல்லைன்னா இந்தத் தடவை வால் புது வீட்டுல வளரும்.