சட்டியும் கிடாரும் ஒரே மேடையில்

(வேப்பந்தட்டையில் பறையடிக்கும் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



வெளிநாட்டுல 'சூப்பர் குரூப்' என்பார்கள். ஏற்கெனவே பேர் வாங்கினவங்க ஒண்ணு சேர்ந்து கட்டுற இசைக்குழு. 1966-ல் லண்டனில் எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் மூணு பேரும் தொடங்கிய 'கிரீம்' அப்படிப்பட்டது. ரெண்டே வருசத்தில் கலைந்துபோனது. அவர்கள் வாசித்தது புளூஸ். அது அமெரிக்கப் பருத்திக்காட்டில் வெந்த கறுப்பின மக்களின் பாட்டு. பருத்திக்காடுன்னா என்னான்னு நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாட்டால் பெரிய ஆளான கிளாப்டன், 1976-ல் பர்மிங்காம் மேடையில் நின்று, பிரிட்டன் வெள்ளையர் நாடாகவே இருக்க வேண்டும் என்று பேசினார். பாட்டு வேணும், பாடின சனம் வேண்டாம்!

இங்கே பறைக்கும் இதே கதிதான். சினிமாவில் குத்துப்பாட்டுக்கு அடி வேணும். அடிச்சவன் தெருவுக்குள் வரக்கூடாது.

2017-ல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைக் கட்டினார்கள். சாதியில்லாத தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் சொன்னதிலிருந்து எடுத்த பேர். 19 பேர். அதில் ஒரே பெண் இசைவாணி. நட்சத்திரங்கள் கூடிய குழு இல்லை இது. சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடின தொண்டைகள், சட்டி, கட்டமோளம், பறை. அதே வரிசையில் ராப், கிடார், டிரம்ஸ். 2018 சனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. மயிலாப்பூர் சபாக்களில் கச்சேரி நடக்கிற அதே மார்கழி மாசம்! இடஒதுக்கீட்டுக்கு ஒரு பாட்டு, மாட்டுக்கறிக்கு ஒரு பாட்டு. சட்டி அங்கே கிடாருக்குப் பின்னால் ஒதுங்கி நிக்கல.

மேடை ஏறிட்டா எல்லாம் சரியாயிடுச்சா? அந்தக் குழுவின் அறிவு எழுதிப் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021-ல் உலகம் சுத்தியது. அந்த ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகை அந்தப் பாட்டைக் கொண்டாடி அட்டை போட்டபோது அறிவு அட்டையில் இல்லை. இரஞ்சித் கேட்டார், பலரும் கேட்டார்கள். அதுக்கப்புறந்தான் அறிவுக்கு அட்டை கிடைச்சது. இசைவாணியை 2020-ல் பிபிசி உலகின் நூறு பெண்களில் ஒருவராகச் சொன்னது. 2018-ல் அவர் பாடிய ஐயப்பன் பாட்டுக்காக 2024-ல் போலீசில் புகார் கொடுத்தார்கள்.

பறையைக் கொளுத்திப் போடணும், அது அடிமைச் சின்னம் என்று நம் இயக்கத்துக்குள்ளேயே ஒரு பேச்சு உண்டு. அதில் இருக்கிற கோபம் நியாயம். ஆனா நான் கொளுத்தச் சொல்லமாட்டேன். ஊர்த்தெருச் சாவுக்குக் கடமையா அடிக்கிறதை நிறுத்தணும். நம் மேடையில், கூலி பேசி, பேர் போட்டு அடிக்கணும். ரெண்டையும் ஒண்ணா செய்யணும்.

நாளைக்கு ஒரு சாவு விழுந்தா ஆள் அனுப்புவான். வரமாட்டோம்னா களையெடுப்புக்குக் கூப்பிடமாட்டான், கொடுத்த கடனைக் கேப்பான். அப்ப யார் வீட்டு அடுப்பு முதல்ல அணையும், அதை எப்படிச் சேர்ந்து தாங்குறது? இதை இப்பவே உக்காந்து பேசுவோம். வயசானவங்க முதல்ல சொல்லுங்க.