தாயின் இதயம்



பிள்ளைப்பேறு முடிந்ததும் குழந்தையைப் போற்றுகிறோம். தாயின் இதயத்தை நினைப்பார் யார்? கருவுற்ற காலத்தில் அவள் குருதியின் அளவு ஏறத்தாழப் பாதிப்பங்கு மிகுகின்றது. அச்சுமையை இதயம் தாங்கும் வேளையில் இத்தில்லி மாநகரின் குளிர்காலப் புகையும் சேர்கின்றது. 2.5 மைக்ரானினும் சிறிய தூசி, நுரையீரலைக் கடந்து குருதியிற் கலந்து, நாளங்களை நலியச் செய்கின்றது. கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமே தக்கது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. நம் நாடு 2009-இல் வகுத்த வரம்போ 40.

தாய்வீடு தொலைவிலிருக்கத் தனித்து வாழும் இளம்பெண்ணுக்கு மனக்கவலையும் உண்டு. புகை, கவலை இரண்டும் கர்ப்பகாலக் குருதிக்கொதிப்புடன் தொடர்புடையன என ஆய்வுகள் காட்டுகின்றன. அக்கொதிப்போடு சிறுநீரிற் புரதமும் கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. பேற்றுக்குப் பின் கொதிப்புத் தணியலாம்; அபாயம் தணிவதில்லை.

ஆதலின் அத்தகையோர் ஆண்டுதோறும் குருதியழுத்தத்தைச் சோதித்துக்கொள்க. அண்டையில் ஒரு பெண் கருவுற்றால் சங்கத்துத் தாய்மார் அவளுக்குத் தாய்வீடாகுக. வளைகாப்போடு நம் கடமை முடிவதன்று.