அமெரிக்காவில் வட்டி ஏறினால் நமக்கென்ன?



எங்கோ அமெரிக்காவிலே வட்டி ஏறினால் நம்ம ஊர் கடனுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன், கேளுங்கள்.

2022 பிப்ரவரியிலே ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. மார்ச்சிலே கச்சா எண்ணெய் பீப்பாய் 120 டாலரைத் தாண்டிற்று. உர விலையும் ஏறிற்று. ஏற்கெனவே விலைவாசியால் திணறிய அமெரிக்காவின் மத்திய வங்கி, பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5 சதவீதத்துக்கு மேலே கொண்டுபோயிற்று.

வட்டி கூடக் கிடைக்கிற இடத்துக்குத்தானே பணம் ஓடும்? நம் நாட்டிலே முதல் போட்டிருந்த அயல்நாட்டார் பலர் பணத்தை டாலராக்கி எடுத்துப் போனார்கள். 2022 தொடக்கத்திலே சுமார் 75 ரூபாயாக இருந்த டாலர், அக்டோபரிலே 83 ரூபாயைத் தாண்டியது. கச்சா எண்ணெயும் பொட்டாஷும் டாலர் கொடுத்துத்தான் வாங்குகிறோம். விலைவாசியை அடக்க, நம் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குத் தரும் கடனின் வட்டியை, அதாவது ரெப்போ வட்டியை, 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 4லிருந்து 6.5 சதவீதமாக உயர்த்திற்று. வங்கிகளும் உயர்த்தின.

இதிலே அடிபட்டது 'மாறும் வட்டி' என்று எழுதி வாங்கிய கடன்கள். மாதத் தவணை அதேதானே என்று இருந்துவிடாதீர்கள். தவணைகளின் எண்ணிக்கை கூடியிருக்கலாம்.

பயிர்க்கடன் தப்பித்தது. அரசின் வட்டி மானியத்தால் 2022-23லும் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீதம்தான். தவணை தேதிக்குள் கட்டியவருக்கு 4 சதவீதம். ஒரு லட்சத்துக்குக் கணக்குப் போடுங்கள். வருஷத்துக்கு 7,000 எங்கே, 4,000 எங்கே! தேதி தப்பினாலோ சலுகை போய்விடும், வங்கியின் சாதாரண வட்டி விழும். தமிழ்நாட்டிலே கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை 2009 முதலே தவணை தப்பாமல் கட்டியவர்களுக்கு வட்டியே கிடையாது.

ஆகவே கடன் பத்திரத்திலே கையெழுத்துப் போடுமுன், 'நிலையான வட்டியா, மாறும் வட்டியா?' என்று கேளுங்கள். தவணை தேதியை வீட்டுக் காலண்டரிலே குறித்து வையுங்கள். 2025இல் ரெப்போ 6.5லிருந்து படிப்படியாக 5.25 சதவீதத்துக்கு இறங்கியது. ஏறியபோது ஏற்றிய வங்கி, இறங்கியபோது உங்கள் கடனுக்கு இறக்கியதா? பாஸ் புத்தகத்தோடு போய் மேனேஜரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.