ஆலை வாயிலும் அவை இருக்கையும்



தொகுதி மக்களின் குறை கேட்டல் இந்நாளில் பதவி கிடைத்தபின் தொடங்கும் பணியாகிவிட்டது. புதுவை வ. சுப்பையாவின் வாழ்விலோ பணியே முந்தியது.

1911-இல் பிறந்த அவர், 1934-இல் ‘சுதந்திரம்’ இதழைத் தொடங்கினார். பஞ்சாலைத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டினார். வாக்குக் கேட்பதற்காக அவர் ஆலை வாயிலில் நிற்கவில்லை. அப்போது அவர் எந்த அவையிலும் உறுப்பினர் அல்லர்.

1936 ஜூலை 30-இல், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பிரெஞ்சு அரசின் படையினர் சுட்டதில் பன்னிருவர் மாண்டனர். பன்னிருவர் என்று எண்ணிக்கை சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவர்களுக்கும் வீடுகள் இருந்தன, வீடுகளில் வழிபார்த்திருந்தோர் இருந்தனர். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயின.

பத்தாண்டு கழித்து, 1947-இல்தான், பாரீசில் உள்ள பிரெஞ்சு நாடாளுமன்ற மேலவையில் அவர் உறுப்பினராய் அமர்ந்தார். விடுதலைக்குப் பின் புதுவைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராகவும், வேளாண் அமைச்சராகவும் விளங்கினார். ஆயினும் ஊரார் அவரை ‘மக்கள் தலைவர்’ என்றே அழைத்தனர்.

1993-இல் அவர் மறைந்தார். ஆண்டுதோறும் ஜூலை 30-இல் புதுவைத் தொழிற்சங்கத்தார் அப்பன்னிருவருக்கும் மலர் சாத்துகின்றனர்.